கழற்றாத காப்பு

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டார வீடுகளில் குடியை விட உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு போனால் ஒரு கதவும் திறக்காது. பிரஷர் பார்க்கிறோம் என்றால் திறக்கும். சமூக சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்து நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்படித்தான். ஐம்பது வயது, தங்கமான மனிதர், தினமும் குடி. இப்படியே போனால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி என்னைச் சமையலறைக்குள் அழைத்துப்போய் அழுதார்.

தைப்பூசக் காவடிக்காக அவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். ஒரு சொட்டுத் தொடவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'குடியை விட்டுவிட்டார்' என்று அறிக்கையில் எழுதிவிட்டு அங்கே போவதையே நிறுத்திவிட்டேன். தைப்பூசம் கழிந்து மூன்றாம் நாள் இடும்பன் பூசை நடக்கும், மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிற்றைக் கழற்றியதும் விரதம் முடியும், கூட்டாளிகள் ஆட்டுக்கறியும் பாட்டிலுமாக வந்து நிற்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கத்தோலிக்கப் பெண். ஆனால் தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாமல் இருந்துவிட்டு, ஈஸ்டரன்று பிரியாணி அண்டாவைக் காலி செய்கிற குடும்பம் எங்களுடையது. எனக்கல்லவா முதலில் புரிந்திருக்க வேண்டும்? இரண்டு மாதத்தில் அவர் மருத்துவமனையில் கிடந்தார். என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுவருடம் விரதம் தொடங்கியபோது விடாமல் போனேன். பூசை முடிந்த பிறகும் ஒரு வாரம் காப்பைக் கழற்றாமல் இருக்கலாமே என்று கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சாமி விஷயத்துல நீங்க வராதீங்க, சிஸ்டர்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சாமி விஷயம் என்றால் பூசை முடிந்த கையோடு பாட்டில் எதற்கு என்று கேட்டுவிட்டேன். லிஃப்டில் இறங்கும்போதே வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டேன். ஆனாலும் அவர் மனைவி என்னைப் பூசைக்கு அழைத்தார்.

கற்பூரம் காட்டியாயிற்று. கூட்டாளிகள் சோபாவில் காத்திருந்தார்கள். மனைவி கத்திரிக்கோலை நீட்டினார். அவர் வாங்கினார், கயிற்றைப் பார்த்தார், கத்திரிக்கோலை மேசையில் வைத்துவிட்டார்.

"இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்."

கூட்டாளி ஒருவர் சிரித்துக்கொண்டே கிளாஸை நீட்டினார்.

"நீங்க குடிங்க லா. எனக்கு வேணாம்."

நான் தட்டில் இருந்த சர்க்கரைப் பொங்கலைப் பார்த்தபடி மனத்துக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அந்த வீட்டில் முருகனும் அதைத் தவறாக நினைத்திருக்க மாட்டார்.

அதன்பிறகு வாராவாரம் 'இன்னும் ஒரு வாரம்'தான். பிரஷர் பார்க்கக் கையை நீட்டும்போது கயிற்றையும் காட்டுவார். மஞ்சள் போய் அழுக்கேறிவிட்டது. ஐந்தாம் மாதம் குளிக்கும்போது அறுந்து விழுந்தது. இனி குடித்துவிடுவாரோ என்று அன்றிரவே அவர் மனைவிக்குப் போன் செய்தேன். அவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டு, வழக்கம்போல வீட்டுக்கு வந்தார். ஈரல் தேறிவருகிறது என்று டாக்டரும் சொன்னார்.

இந்த வருடம் விரதம் தொடங்கும் நாளில் போனேன். புதுக் காப்போடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் உண்மையான கவலை.

"விரதத்துக்கு எதையாச்சும் விடணும்ல, சிஸ்டர். விடறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. காப்பிய விடலாமான்னு யோசிக்கிறேன்."