முதுகில்லாத அணில்

சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, மடிக்க வந்த தாள்களே பாடமாயின. பறவைகள், மரங்கள், விலங்குகள் குறித்த நூல்கள் அச்சாகும்போதெல்லாம், மிஞ்சிய தாள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வீட்டில் நானே தைத்து வைத்தேன். அவ்வாறு சேர்ந்தவை இருபத்து மூன்று நூல்கள்.

ஏழாயிரம்பண்ணைக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் இயற்கைக் கல்வி வகுப்பு தொடங்கினார்கள். நூல்கள் வேண்டும் என்று ஆசிரியை கேட்டதும், அத்தனையையும் பழுப்புத்தாள் அட்டையிட்டுக் கொடுத்தேன். அவற்றைப் பிள்ளைகளின் கைகளில் காண்பதன்றி வேறு ஆசை எனக்கில்லை என்றே அப்போது எண்ணியிருந்தேன்.

அதே வாரம் எதிர்வீட்டு அண்ணாச்சியும் ஒரு பெட்டி நூல்களைக் கொடுத்தார். மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போடும் அவர் நாளிதழைக்கூடப் புரட்டாதவர். மதுரைக்குப் போன இடத்தில் மொத்தமாக வாங்கி வந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சென்று பார்த்தேன். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். அவருடைய நூல்கள் அனைத்தும் தரையில் விரிந்து கிடந்தன. என்னுடையவை அலமாரியில், நான் அடுக்கிய வரிசை குலையாமல் இருந்தன.

ஒரு மாதம் சென்றது. அவருடைய நூல்களில் பசை விட்டுத் தாள்கள் உதிர்ந்தன. கிழிந்த நூல்களைக் கண்டு மகிழ்வதற்கு மாறாக அவற்றின்மீது பொறாமை கொண்டேன். திறக்கப்படாத நூல் எவ்வாறு கிழியும்?

பொறுக்கமாட்டாமல், என் நூல்களை ஏன் தொடுவதில்லை என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். அவள் என் நூல் ஒன்றை எடுத்து, இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.

"பாருங்க தாத்தா, இந்த மலை அணிலுக்கு முதுகே இல்ல. தல இங்கன கெடக்கு, வாலு அங்கன கெடக்கு."

"லாரில அடிபட்ருக்கும்ளா," என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள்.

பில் புத்தகம் தைத்துப் பழகிய கை என்னுடையது. ஓரத்தில் துளையிட்டு, தாள் அசையாதபடி இறுக்கித் தைத்திருந்தேன். இரு பக்கங்களில் விரிந்த படங்களின் நடுப்பகுதியை என் தையலே விழுங்கியிருந்தது. இத்தனை ஆண்டுகளும் அந்த அணிலை என் மனம் நிரப்பிப் பார்த்திருக்கிறது போலும்.

நூல்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, தையல் பிரித்து, நடுமடிப்பில் தைக்கத் தொடங்கினேன். அப்போது ஆசிரியை, "எதிர்வீட்டு அண்ணாச்சி குடுத்ததையும் சேத்துத் தச்சுக் குடுத்துருங்க ஐயா," என்று உதிர்ந்தவற்றையும் அனுப்பிவைத்தார். அவை மடிப்பற்ற தனித் தாள்கள். இரண்டிரண்டாக மெல்லிய தாளால் ஒட்டி மடிப்பு உண்டாக்கினாலன்றி விரித்துத் தைக்க இயலாது. எல்லாவற்றையும் அவ்வாறே செய்தேன், ஒன்றைத் தவிர. பிள்ளைகள் மிகவும் விரும்பிய யானைப் புத்தகத்தை, தெரிந்தே, பில் புத்தகம்போல் இறுக்கித் தைத்தேன்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தபின் வந்த சனிக்கிழமை அச்சிறுமி என் அணிலைத் தரையில் விரித்தாள். "முதுகு வந்துருச்சு!" என்று கத்தினாள். நான் அருகில் நின்றிருக்க, அவள் அதைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினாள்.

அவரோ யானைப் புத்தகத்தைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எம்புட்டு உறுதியாத் தச்சிருக்கீக! இனி எந்தப் பய கிழிக்க முடியும்?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் விரலடியில், இறுகிய தையலுக்குள், யானையின் கண் மறைந்திருந்ததை அவர் அறியவில்லை.

"அதுல ஒரு பிழ இருக்கு, குடுங்க," என்று வாங்கி வந்தேன். நூல் இப்போது என் மேசைமீது பிரிந்து கிடக்கிறது. பாதித் தாள்களை ஒட்டி முடித்துவிட்டேன். என்ன பிழை என்று அவரிடம் இதுவரை நான் சொல்லவில்லை. அந்தச் சிறுமி அவரிடம் ஓடியதையும் என்னால் மறக்க முடியவில்லை.