மாமனை வீட்டைவிட்டு அனுப்பிய மகள்

எங்கள் தலைப்பிள்ளை யாழ்ப்பாணத்தில், என் அம்மாவின் வீட்டில் பிறப்பதாகத்தான் ஏற்பாடு. ஏற்பாடு என்றால் வெறும் எண்ணமில்லை. வெண்ணந்தூரிலிருந்து மாட்டுவண்டி, சேலத்தில் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று வரிசையாக எழுதி, எந்தப் பெட்டி யார் கையில் என்பதுவரை குறித்திருந்தேன். நான் பயிற்சி பெற்ற தாதி. பிள்ளைப்பேறு பார்ப்பது என் தொழில். என் கணவர் கணக்கு ஆசிரியர். இரண்டு வேலையும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததால் கடல் கடந்து வந்து குடித்தனம் போட்டிருந்தோம்.

"இஞ்சேரும், இதில பெட்டிகளுக்குக் கீழதான் என்ர பெயர் கிடக்குது" என்று அவர் குறைப்பட்டார்.

சுமை தூக்குகிறவரை வேறு எங்கே எழுதுவது?

எட்டாம் மாதம் கால் வீங்கியது. என்னோடு வேலை செய்த டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பயணம் கூடாது என்றார். "கப்பலில் வலி எடுத்தால் பேறு பார்க்கத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான் இருப்பாய். அதுவும் படுத்துக்கொண்டு" என்றார். நான் தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தேன். அன்று முழுவதும் அம்மாவை நினைத்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்னைவிட எங்கள் தெருதான் கலங்கிப்போயிற்று. அது நெசவாளர் தெரு. எங்களை அங்கே 'கொழும்புக்காரங்க' என்பார்கள். கொழும்பு எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம் என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. கடல் கடந்தவர்களானாலும் தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் தாய் வீட்டுக்குப் போகாமல் புருஷன் வீட்டிலேயே கிடப்பது அந்தத் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு காலையில் எதிர்வீட்டு அம்மாள் தட்டில் தேங்காய், பூ, கண்ணாடி வளையல்களோடு வந்து நின்றார். கணவனை இழந்தவர், நாற்பது வயது இருக்கும். பின்னால் அவருடைய ஒரே மகன், இருபது வயது நெசவாளி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மிணி, கெளம்பு. அம்மா ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

"எந்த அம்மா வீட்டுக்கு?"

"இதென்ன கேள்வி? எதுருல தெரியுதே, அதுக்குத்தான். டேய், அக்கா பொட்டியத் தூக்குடா."

என் பட்டியலில் கணவருக்கு ஒதுக்கிய பெட்டியை அந்தப் பையன் தூக்கிக்கொண்டான். நான் தெருவைக் கடந்தேன். அந்தப் பக்கத்து வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். இந்தப் பக்கத்து வாசலில் நின்று என் கணவர், கப்பலுக்குக் கையசைப்பதுபோல் துண்டை அசைத்தார்.

அதன்பிறகு அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். மனைவியைப் பார்க்க வந்தால் பாய் விரித்து உட்காரவைத்து, வயிறு நிறைந்த பின்தான் விடுவார்கள். அந்த அம்மாள் அவர் எதிரில் நிற்காமல் கதவுக்குப் பின்னாலிருந்தே, "மாப்ளைக்கு இன்னொரு பணியாரம் வெய்யி அம்மிணி" என்பார். அதற்கு முந்தைய வாரம்வரை இதே அம்மாள்தான் எங்கள் வாசலில் நின்று, முருங்கைக்காய் பறிக்கத் தெரியவில்லை என்று அவரைத் திட்டியவர்.

பிள்ளை, நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் பட்டப்பகலில் பிறந்தது. பெண். கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. டாக்டரம்மா விரலால் அதைத் தலைக்கு மேலாக எடுத்துவிட்டார், ஒரு மாலையைக் கழற்றுவதுபோல. நானே எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். பிள்ளை நன்றாக வீறிட்டது. எல்லாம் முறைப்படி நடந்தது, உதவிக்கு நின்ற ஆயா வெளியே போய், "கொடி சுத்திப் பொறந்திருக்குதுங்கோ!" என்று அறிவிக்கும்வரை.

கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. தீட்டுக் கழிந்து, நல்ல நாள் பார்த்து, மாமன் முதலில் பிள்ளையின் முகத்தை எண்ணெயில் நிழலாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் நேருக்கு நேர் பார்த்துவிட்டால் அவன் உயிருக்கே கேடு. வெளியே மரத்தடியில் காத்திருந்த பையனுக்கு, தான் இப்போது தாய்மாமன் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். நான் கட்டிலில் சாய்ந்தபடி சன்னல் வழியாகப் பார்த்தேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வண்டிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தான்.

நானும் பிள்ளையும் தாய் வீட்டுக்கு வந்தோம். அதனால் மாமன் அந்த வீட்டில் இருக்க முடியாது. அவன் எங்கே போவான்? எதிரே, என் கணவரிடம் போனான்.

இடமாற்றம் கணக்குக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தறி? குழித்தறி அவர்கள் வீட்டு முன்னறையில் இருந்தது, என் பாய்க்குப் பக்கத்தில். பாதி நெய்த கல்யாணச் சேலை ஒன்று அதில் நின்றது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. சோதிடர் குறித்த நாளோ இன்னும் தள்ளி இருந்தது. அம்மாள் தறியைத் துணியால் மூடிவிட்டு, அதன் பக்கம் பார்க்காமலே எனக்குப் பத்தியச் சோறு போட்டார். தெருவில் எல்லா வீட்டிலும் தறிச்சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் பிள்ளை.

கணவர் பணியாரத்துக்கு வரும்போது செய்தி கொண்டுவருவார்.

"உம்மட தம்பி குழல்புட்டைக் கண்டு பயந்திட்டான். இது திங்கிற சாமானா, தறிச் சாமானா எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நெய்து பார் எண்டு சொன்னன். பாவம், உள்ளுக்க இருந்து தெருவையே பாத்துக்கொண்டிருக்கிறான். பிள்ளை அழுதால் காதைப் பொத்துறான். சத்தத்துக்கும் தோஷம் உண்டோ?"

பிள்ளையைத் தூக்க வேண்டிய தகப்பனுக்கு மாமனைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் சாப்பிடுவதும் குறைந்துவிட்டது என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு இது வேடிக்கையில்லை என்று பட்டது. ஒருநாள் நூல் கொடுக்கும் வியாபாரி வாசலில் நின்று, சேலை இல்லையென்றால் பாவு நூலை வேறு தறிக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டும் போனார்.

அன்று மத்தியானம் அம்மாளை உட்காரவைத்து விளக்கினேன். என் தொழிலில் எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். ஒன்று, கொடி சுற்றுவது அடிக்கடி நடப்பது. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இரண்டு, அப்படியே தோஷம் இருந்தாலும் அது தாய்மாமனுக்கு. மூன்று, என் கூடப்பிறந்த தமையன் யாழ்ப்பாணத்தில் நலமாக இருக்கிறார். ஆகவே உங்கள் மகனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் வந்து தறியில் உட்காரலாம்.

அம்மாள் நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்தினார்.

"சம்பந்தமில்லீங்களா?"

"இரத்தச் சம்பந்தம் இல்லை என்கிறேன்."

"அவன் மாமனில்லீன்னா நா யாருங்க?"

அதுவரை 'அம்மிணி, நீ' என்று கூப்பிட்டவர் 'ங்க' போட்டுப் பேசியது அப்போதுதான் காதில் விழுந்தது. அவர் எழுந்து, என் தட்டைக் கழுவி, விருந்தாளிகளின் தட்டுகள் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் பிள்ளைக்குக் குளிக்க வெந்நீரை வைத்துவிட்டு, "நீங்களே ஊத்திக்குங்க, உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே" என்றார். பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது அவர் கதை பேசிச் சிரிப்பது வழக்கம். அன்று நான் குளிப்பாட்டினேன், வெகு சுத்தமாக. பிள்ளை முழுநேரமும் அழுதது. கடல் தாண்டிய இடத்தில் எனக்குக் கிடைத்திருந்த ஒரே தாய் வீட்டை மூன்று காரணம் சொல்லி நானே பூட்டிவிட்டேன் போலிருந்தது.

விஷயம் தெருவைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? மறுநாள் விடிந்ததும் வாசலில் அவன் நின்றான். கண்களை இறுக்க மூடியிருந்தான். இரண்டு கைகளிலும் நல்லெண்ணெய் நிறைந்த வெண்கலக் கிண்ணம். அவனைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தவர் என் கணவர்.

"அம்மா! அக்காகிட்டச் சொல்லு. எண்ணெ கொண்டாந்திருக்கேன்."

"நாள் வல்லியேடா!" என்று அம்மாள் பதறினார்.

"தீட்டுத்தான் கழிஞ்சிருச்சே. அக்கரையில ஒரு மாமன் இருக்காருன்னு நா ஓடி ஒளிஞ்சா, நாளைக்கிப் புள்ள என்னைய மாமான்னு கூப்புடுமா?" பிறகு என் பக்கமாக, மூடிய கண்ணோடு, "எனக்குப் பயமாத்தானுங்க இருக்குது. அதுக்காக அக்கா என்னைய மாமனில்லீன்னு சொல்லீறாதீங்க" என்றான்.

நான் பிள்ளையைத் தூக்கி அம்மாள் கையில் கொடுத்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு மகனின் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"கண்ணத் தொற சாமி. கீழ மட்டும் பாரு."

அவன் திறந்தான். ஆனால் கை நடுங்கியதில் எண்ணெய் அலையடித்தது. முகம் துண்டு துண்டாக ஆடியது.

"ஒண்ணும் தெரியலீங்களே! கூரைதான் ஆடுது."

"கிண்ணத்தைத் தரையில் வை" என்றேன். என் பயிற்சி அந்தக் காரியத்துக்குப் பயன்பட்டது அவ்வளவுதான். அவன் குனிந்து வைத்தான். எண்ணெய் அடங்கியது. அதில் முதலில் அவன் முகம், பிறகு அம்மாளின் முகம், இரண்டுக்கும் நடுவில் என் மகளின் முகம். அவள் வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டாள்.

"இதுக்குப் போயா நா இத்தன நாளு புட்டுத் தின்னேன்!" என்றான் அவன்.

என் கணவர் வாசலில் நின்றபடியே, "இனி நான் வந்து என்ர பிள்ளையைத் தூக்கலாமோ?" என்று கேட்டார்.

"மாப்ளைய உக்காரச் சொல்லு அம்மிணி" என்று குரல் வந்தது. அம்மாள் அதற்குள் கதவுக்குப் பின்னால் போயிருந்தார். நான் பாய் விரித்தேன்.

பையன் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தான். பிள்ளையை இப்போது நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் மணிக்கட்டில் நாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். சேலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தமையனுக்கு நான் எழுதினேன், அவருக்கு வரவிருந்த ஆபத்தை வெண்ணந்தூரில் ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்று. மகள் இப்போது தெருவைத் தானே கடக்கிறாள், நாளுக்குப் பலமுறை. அங்கே அவன் தும்மினால் அம்மாள் இன்னமும் அவளைத்தான் முறைக்கிறார்.