நடுவில் இடம் உண்டாக்கும் புரோகிராம்

எழுபதுகளின் கடைசியில், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த என் கணவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். புரோகிராமை எண்களாக மாற்றி, பொத்தான்களில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். நடுவில் ஒரு கட்டளை விட்டுப்போனால், அதற்குப் பின்னால் உள்ளதையெல்லாம் மறுபடி அழுத்த வேண்டும். அவர் சலித்துப்போய்க் கப்பலேறிவிட்டார்.

கணக்கு டீச்சரான எனக்கு விட மனமில்லை. எண்களைத் தானே நகர்த்தி நடுவில் இடம் உண்டாக்கும் ஒரு புரோகிராமை எழுதினேன். ஆனால் முதல் எண் நகர்ந்ததுமே பக்கத்து எண்ணை அழித்துவிட்டது.

மறுநாள், எங்கள் தீவில் கடலுக்கு அக்கரையில் இருக்கும் என் பாம்பூஃப்ளாட் பள்ளிக்குப் போகும் ஃபெரியில் பெஞ்சு நிறைந்திருந்தது. மீன்கூடையோடு வந்த ஒரு பெண், "தீதி, தோடா நகந்துக்கோங்க" என்று இந்தியும் தமிழுமாக, அக்கா என்றழைத்துக் கொஞ்சம் நகரச் சொன்னாள். கோடியில் இருந்தவர் முதலில் நகர்ந்த பிறகுதான் நாங்கள் வரிசையாக நகர முடிந்தது. அட, கடைசி எண்ணிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்! அன்று மாலையே புரோகிராம் சரியாக ஓடியது.

அடுத்த முறை கணவர் வந்தபோது, கூட வந்த வங்காளி நண்பருக்கு அதை ஓட்டிக் காட்டினார். "இது கம்பெனி கொடுத்ததா?" என்று நண்பர் இந்தியில் கேட்டார்.

கணவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நஹீ தாதா, மைனே பனாயா. இல்ல அண்ணா, நானே செஞ்சது."

தன் கம்ப்யூட்டருக்கும் வேண்டுமென்று நண்பர் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.