ஜிகினா ஒட்டிய போர்க்கோடாலி

எழுபத்தெட்டில் ஸ்ரீரங்கத்தில் ஒரு ராஜா நாடகம். எனக்குத் தளபதி வேஷம். மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்த எனக்கு வசனமா நிற்கும்? ஆயுதத்தையாவது அசத்தலாகக் காட்டலாமென்று, அட்டையில் செய்த போர்க்கோடாலியை ஒதுக்கிவிட்டு விறகுக்கடையில் நிஜக் கோடாலியை இரவல் வாங்கினேன்.

"காம்பு காஞ்சிருக்குங்க. தண்ணியில ஊறப்போட்டாத்தான் இறுகும்," என்றார் கடைக்காரர்.

"தளபதி ஆயுதத்துக்குக் குளியல் வேறயா?" என்று சிரித்தேன். ஊறப்போட்டால் நான் ஒட்டப்போகும் ஜிகினாத்தாள் நிற்காதே!

மேடையில் ராஜாவாக நின்றவர் தையல்காரர் சவரிமுத்து. கோடாலியைச் சுழற்றினேன். காம்பு மட்டும்தான் கையில் நின்றது. இரும்பு பறந்துபோய் அவர் கிரீடத்தைத் தட்டிவிட்டு, பின்னாலிருந்த மூங்கிலில் பதிந்தது. அதுவும் காட்சிதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி, நிறைமாதக்காரி, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அடுத்த வசனம் என்னுடையது. நான் மூங்கிலில் பதிந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சவரிமுத்து விழுந்த கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டே முணுமுணுத்தார்: "வசனத்தைச் சொல்லுங்கண்ணே. அவ பயந்துடப் போறா."

சொன்னேன். மறுபடியும் கைதட்டினார்கள். என் முட்டாள்தனங்களைச் சொல்லி ஊரையே சிரிக்க வைக்கிறவன் நான். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.