தையல்காரியின் பனிப் பந்தயம்

என் தங்கச்சி பனியைத் தொட்டதே இல்லை. ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் உறைந்து கிடக்கும் கட்டியைக் கரண்டிக் காம்பால் பெயர்ப்பதோடு சரி. ஆனால் பனிச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது. மலை உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிற வகை இல்லை இது. காலில் நீளப் பட்டையைக் கட்டி, இரண்டு கையிலும் கம்பை ஊன்றி, காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக ஓட வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஒவ்வொருவரும் வெட்டிப் போட்ட மாதிரி பனியில் சாய்வார்கள். முதல் தடவை பார்த்தபோது பதறிவிட்டேன்.

"என்னடி, செத்துட்டாங்களா?"

"இல்லண்ணே, ஜெயிச்சிருக்காங்க."

அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி ஊழியர் உடுப்பு என்று மொத்தமாகத் தைத்துக் கொடுப்பாள். அவள் கடைக்கும் என் டயர் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மச்சான் நெஞ்சு வலியில் போனபின், மெஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்தாள். அந்தப் பெண்ணை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாலு என்றுதான் கூப்பிடுவோம். வாலு படிக்கப் போன தேசத்தில் வருஷத்தில் பாதி பனி. விளையாட்டாகப் பட்டையைக் கட்டியவள், நம் நாட்டுக் கொடியை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உலகப் பந்தயம் வரைக்கும் போய்விட்டாள். நம் நாட்டுக்கு அதில் ஓட வேறு ஆள் கிடையாது.

"நம்ம நாட்டுல நான்தான் மாமா முதலிடம். கடைசி இடமும் நான்தான்" என்பாள்.

துணி வெட்டுகிற மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, எம்பிராய்டரி டிசைன் பார்க்க வாங்கியது. அதில்தான் பந்தயம் பார்ப்பாள். கேமரா எப்போதும் முன்னால் ஓடுகிறவர்கள் பின்னாலேயே போகும். வாலுவைக் காட்ட யாருக்கு நேரம்? திரையின் ஓரத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சிக்கல். பட்டியல் உடனுக்குடன் வந்துவிடும், படம் பின்தங்கித்தான் வரும். முடிவு முன்னாலேயே தெரிந்தால் ருசி கெட்டுப்போகும் என்று, பட்டியல் பக்கமாக ஒரு லைனிங் துணியைக் கிளிப் போட்டுத் தொங்க விடுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் துணியைத் தூக்குவாள்.

போன குளிர்காலத்தில் பயிற்சியின்போது வாலுவின் வலது கை விரல்களைப் பனி கடித்துவிட்டது, குளிரில் உறைந்து கறுத்துப்போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய கோச்சம்மாதான் தங்கச்சிக்குப் போன் செய்து தகவல் சொன்னது. விரல்கள் பிழைத்தன. ஆனால் இன்னொரு முறை கடித்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும், கடுங்குளிரில் ஓடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓடமாட்டேன் என்று வாலு தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

இந்த வருஷம் பெரிய பந்தயத்துக்கான பெயர்கள் வந்தபோது அவள் பெயரும் இருந்தது. தங்கச்சி போனைப் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஓடலன்னு சொன்னியேடி!"

"ரெண்டு க்ளவுஸ் போட்டுக்கறேம்மா. டாக்டர் சரின்னுட்டாருன்னு கோச்கிட்ட சொல்லிட்டேன்."

"அவரு சொன்னாரா?"

"நீ மட்டும் கோச்கிட்ட வாயத் திறந்தே, அப்புறம் எனக்கு அம்மான்னு ஒருத்தி இல்ல. ஆமா."

போனை வைத்ததும் நான் கத்தினேன். "அந்தக் கோச்சம்மாவுக்கு ஒரு போனப் போடு. விரல் போனா முளைக்குமா?"

"இப்படிச் சொல்லிட்டாளேண்ணே."

"அவ ஆயிரம் சொல்லுவா. பெத்தவ யாரு, நீயா அவளா?"

தங்கச்சி கத்தரிக்கோலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். "ஒவ்வொருத்தராத்தான் விடுவாங்க. மெதுவா ஓடறவங்கள முதல்ல விடுவாங்க, கெட்டிக்காரங்க பின்னாடி வந்து முந்துவாங்க. அப்ப எப்படியும் திரையில வருவா. அவ கையப் பாக்கறேன். சரியில்லன்னா அந்த நிமிஷமே சொல்லிடறேன்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் என் கடைப் பக்கம் போய்விட்டேன்.

பந்தயத்தன்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். திரையில் வானம் ஈயம் பூசியதுபோல் கிடந்தது. சுற்றிலும் கறுத்த மரங்கள், ஒரு கிளைகூட அசையவில்லை. ஓடுகிறவர்கள் குளிர் கடிக்காமலிருக்கக் கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள், இமையிலெல்லாம் வெள்ளையாகப் பனி. குளிர் ஓர் அளவைத் தாண்டினால் பந்தயத்தையே ரத்து செய்துவிடுவார்களாம். அன்று அந்த அளவுக்கு மயிரிழைதான் பாக்கி. "இன்னும் கொஞ்சம் குளிரக்கூடாதா" என்று முனகிக்கொண்டே இருந்தாள் தங்கச்சி. மகள் நிற்கிற இடத்தில் குளிர் கூட வேண்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

குளிர் கூடவில்லை. அன்றைக்கென்று நெட்டும் இழுத்தது. படம் நின்றுபோய் வட்டம் சுற்றும், பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். திரும்பத் திரும்ப அப்படியே. கம்புகள் பனியில் குத்துகிற சத்தம் மட்டும், யாரோ எதையோ தோண்டுவதுபோல.

பிறகு ஒரு மேட்டில் வாலு தெரிந்தாள். முந்தி வருகிறவளுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். இடது கை கம்பை ஊன்றியிருந்தது. வலது கைக் கம்பு மணிக்கட்டு வாரில் தொங்கி, பனியில் கோடு போட்டுக்கொண்டு இழுபட்டது. அந்தக் கையை அக்குளுக்குள் செருகியிருந்தாள். கேமரா நிற்காமல் போய்விட்டது.

தங்கச்சி போனை எடுத்துவிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கோச்சம்மா எடுத்ததும், தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினாள். "மேடம், ஸ்டாப்! ஹேண்ட், ஹேண்ட்! டாக்டர் நோ சொன்னாரு! ஸ்டாப் மை டாட்டர்!"

அந்தப் பக்கம் கோச்சம்மா மெதுவாக என்னவோ சொன்னது. தங்கச்சியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் அந்த லைனிங் துணியைப் பிடுங்கினேன். பட்டியலில் வாலுவின் பெயர் அடியில் கிடந்தது, ஓட்டத்தை முடிக்கவில்லை என்ற குறியோடு. திரையிலோ அவளை முந்தியவள் இன்னும் அதே மேட்டை ஏறிக்கொண்டிருந்தாள்.

"காட்டுக்குள்ள விழுந்துட்டாளாம். தூக்கிட்டு வந்து நேரமாச்சாம்" என்றாள் தங்கச்சி. "இப்பத்தானண்ணே பாத்தோம். இப்பத்தான நின்னுட்டிருந்தா."

நாங்கள் பார்த்தது நடந்து முடிந்த ஒன்று. படம் பின்தங்கும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. துணி தொங்கவிட்டவளே அவள்தான். பெற்ற மகள் திரையில் வந்ததும் அது மறந்துபோயிற்று.

இரண்டு விரல்களின் நுனியை எடுத்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாலுவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள் தங்கச்சி.

"கோச்சுக்குப் போன் பண்ணியாமே."

"பண்ணேன். திட்டறதுன்னா திட்டிடு."

"ஏம்மா முன்னாடியே பண்ணல?"

தங்கச்சி திகைத்துப் போனாள். "நீதானடி பண்ணக்கூடாதுன்ன?"

"நான் சொன்னா? என்னிக்கும்மா நான் சொன்னத நீ கேட்டிருக்க?" வாலுவின் குரல் உடைந்தது. "இதப் போயி கேட்டிருக்கியே."

தங்கச்சி போனை என் கையில் திணித்துவிட்டு, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்கு மட்டும் என்ன பேசத் தெரியும்?

"சாப்பிட்டியா வாலு?"

"ம்" என்றாள். "இடது கையால, மாமா."