நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழங்கள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஓசூரில் எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை. சத்தம் வந்தால் காரணம் இருக்கும், அவ்வளவுதான். இதையும் அப்படித்தான் சரிபார்த்தேன், நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், அதில் அப்பாவின் பழைய கார். அவர் இறந்த பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு அந்த இடம் வேண்டும். வண்டி ஓடினால் வைத்துக்கொள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்கு என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். எனக்கு விட மனமில்லை.

லீவு நாட்களில் உட்கார்ந்தேன். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, இறுகிப்போன எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றவைத்தேன். டேங்கைக் கழுவினேன், புது பேட்டரி வாங்கினேன். மீதி கார்புரேட்டர்தான், அது இல்லாமல் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது, வண்டி ஓடாது; சுத்தம் செய்ய என் அறைக்கே எடுத்துப் போயிருந்தேன்.

மறுநாள் ஸ்டார்ட் செய்வதாக ஏற்பாடு. ராகு காலத்துக்கு முன்னால் காலையில் அவசரப்பட வேண்டாமே என்று அம்மா முந்தின மாலையே நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் திறந்தால் நாலு பழமும் நசுங்கி, சாறு காய்ந்து கிடக்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, எஞ்சினுக்குக் கீழே வைத்த எண்ணெய்த் தட்டுகூட நகரவில்லை. எலியோ என்று பார்த்தேன். பல் தடம் இல்லை, டயரின் கோடுகள்தான் தோலில் பதிந்திருந்தன. எனக்குச் சித்தப்பா மேல்தான் சந்தேகம். மாற்றுச் சாவி வைத்திருக்கிறாரா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"என்ன பாப்பா, போலீசு மாதிரி பாக்கற? கார்புரேட்டரு உங்கிட்ட கெடக்குது. வண்டிய நான் தோள்ல தூக்கினு போனனா?"

அம்மா அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. பழங்களையே பார்த்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மனுசன் தனியா வண்டி எடுக்கமாட்டாரே. யாரக் கூட்டினு போனாரு?"

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

கார்புரேட்டரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால், அம்மா இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். எவ்வளவோ கெஞ்சினேன். மத்தியானமே வந்து இழுத்துப் போனார்கள்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நான் ஏறி உட்கார்ந்தபோது கண்ணாடியெல்லாம் காய்ந்த தூசி. பக்கத்து சீட்டின் ஜன்னலில் மட்டும், உள்பக்கமாக, மூச்சு பட்ட மாதிரி ஈரம். கையால் துடைத்தேன். மறுபடியும் படிந்தது.