டீச்சர் படுத்துப் பார்த்த கட்டில்

என் இடுப்பு இன்னும் ஒழுங்காக இருக்கிறதென்றால் அது இரண்டு பேர் புண்ணியம். ஒருவர் எங்கள் டீச்சர். இன்னொருவர் வார்டு சிஸ்டர். நாங்கள் சிஸ்டருக்கு வைத்த பெயர் கடுகு. ஆள் சிறிசு, ஆனால் வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவார்.

டீச்சரும் ஒரு காலத்தில் எங்களைப் போல வார்டு உதவியாளர்தான். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி டிஸ்க் நழுவி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். இன்னொருத்திக்கு இந்த கதி வரக்கூடாது என்றுதான் பயிற்சி கொடுக்க வந்தார். ஆளுக்கொரு பக்கம் நின்று, நோயாளிக்கு அடியில் கிடக்கும் விரிப்பைப் பிடித்து, மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். இடையிடையே அவர் அடிக்கும் ஜோக்கில் வயிறு புண்ணாகிவிடும். கடைசி நாள் டீச்சரின் வகுப்புக்கு எங்களை மார்க் போடச் சொன்னார்கள். அள்ளிக் கொடுத்தோம்.

சில மாதம் கழித்து ஆபீஸ் கடுகிடமும் அதே வகுப்புக்கு மார்க் கேட்டது. 'பயிற்சியால் பிரயோஜனம் இல்லை' என்று சொல்லி முட்டை போட்டுவிட்டார். வகுப்பையே மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. எனக்கு வந்ததே கோபம்!

"எங்க டீச்சர் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே சிஸ்டர், நல்லா இருக்கா இது?"

"கத்துக்கிட்ட மாதிரி ஒருநாளாவது தூக்கினியாடி? போன வாரம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு லீவு போட்டது யாரு, நானா?"

நான்தான்.

விஷயம் தெரிந்து மறுநாளே டீச்சர் வார்டுக்கு வந்தார். இன்றைக்கு ஒரு சண்டை நிச்சயம் என்று நாங்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடினோம். அவரோ சுவரை ஒட்டிக் கிடந்த காலிக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார்.

"ம், தூக்குங்கடி."

எங்கே தூக்க? எங்கள் வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் ஒரு பக்கம் சுவர். இரண்டாவது ஆள் நிற்க இடமே இல்லை. டீச்சர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஐயையோ! வகுப்புல கட்டிலை நடு ரூம்ல போட்டுல்ல சொல்லிக்குடுத்தேன்! ஏண்டி ஒருத்திகூட சொல்லல?"

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் டீச்சர்..."

"பாவிங்களா, அதுக்கு மார்க்கா போடுவீங்க?" என்று சிரித்தவர், எழுந்து சிஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உள்ளதைச் சொன்னது நீங்க மட்டும்தான். ரொம்ப நன்றிம்மா."

அப்புறம் இருவரும் சேர்ந்து கட்டிலின் தலைமாட்டை மட்டும் கோணலாக வெளியே இழுத்துப் பார்த்தார்கள். சுவரோரம் ஓர் ஆள் நிற்க இடம் கிடைத்தது. டீச்சர் திரும்பவும் படுத்தார். சரியாக வரும்வரை எங்களை விடவில்லை. வியர்த்துக் கொட்டினாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தொட்டாலே அலறுவார். கால்மாட்டுக்குச் சரிந்திருந்த அவரைத் தலையணைப் பக்கம் மேலே நகர்த்தும் நேரம் வந்தது. அதே மாதிரி கட்டிலை இழுத்தோம், விரிப்பைப் பிடித்தோம். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நகர்த்தி முடித்து, தலையணையைக்கூடச் சரிசெய்துவிட்டோம்.

மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எப்பம்மா தூக்கப் போறீங்க?"

டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சிஸ்டர் நேராகப் போய் ஆபீசுக்குப் போன் போட்டார்.

"நான் குடுத்த மார்க் குடுத்ததுதான், மாத்த மாட்டேன். வகுப்பை மட்டும் நிறுத்தாதீங்க. இனிமே என் வார்டுலயே நடக்கட்டும்."